‘அனுமதி இல்லை’ என்பதோடு காரணமும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்வி உதவித்தொகைகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாட்களைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிட்டு வருகிறது. அந்தக் கடைசி நாளில் விண்ணப்பிக்கப் போய், ‘அக்சஸ் டினைடு’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்களைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வலைப்பக்கங்களை வழங்கும் கணினிகளான சர்வர்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தச் சொற்களின் இருபுறமும் நான் நின்றிருக்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் மாணவி ஒருவர், செவிலியர் படிப்பில் முதலாமாண்டு பயில்பவர், இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓர் அறக்கட்டளை வழங்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்று நள்ளிரவு வரைதான் நேரம். “எனக்கு அனுமதி இல்லைன்னு போட்டிருக்கு தாத்தா. மார்க் பத்தலைன்னு தள்ளிட்டாங்களா?” என்று கேட்டார். விண்ணப்பப் படிவமே இன்னும் திறக்கவில்லை. தம் மதிப்பெண்ணை அவர் எங்கும் எழுதவும் இல்லை. ‘இந்தச் சர்வரில் இதை அணுக உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று பொருள்படும் ஒரு வரியும், அதன் கீழே புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட எண் ஒன்றும் மட்டுமே திரையில் இருந்தன. ‘உங்களுக்கு’ என்ற சொல்லை அவர் தம்மைக் குறிப்பதாகவே எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொண்டது அவருடைய பிழை அன்று, அந்த வாசகத்தின் பிழை.

உண்மையில் அங்கே மறுக்கப்பட்டது அவரல்லர், அவருடைய கைப்பேசி நிறுவனத்தின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண். நான்காம் பதிப்பு ஐபி முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 429 கோடிதான். அவை போதாமல் போனதால், கைப்பேசி நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்கள் பலரை ஒரே முகவரியின் பின்னால் வைக்கின்றன. இதற்கென்றே 2012-இல் ஒரு தனி எண் தொகுதியும் ஒதுக்கப்பட்டது. எங்கள் ஊர் வளவு வீடுகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உள்ளே பத்துக் குடும்பம் இருந்தாலும் தெருவைப் பார்த்த வாசல் ஒன்றுதான். அந்த வளவில் யாரோ ஒருவர் ஒரு தளத்தைத் தானியங்கி நிரலால் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தால், தளத்தின் காவல் மென்பொருள் வாசலையே அடைத்துவிடுகிறது; மற்ற ஒன்பது குடும்பங்களும் வெளியே நிற்க வேண்டியதுதான். அந்தப் பெண்ணின் கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்தி, எங்கள் வீட்டு பிராட்பேண்டில் இணைத்ததும் தளம் திறந்தது. நெட் சென்டருக்குப் போனால் திறக்கிறது, வீட்டில் திறக்கவில்லை என்று பலர் வியப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆனால் அன்றைய சிக்கல் அத்துடன் முடியவில்லை. ‘உங்கள் குடும்பச் சூழ்நிலையை விளக்குக’ என்ற கட்டத்தில், தம் தாய் பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துவதையும் தம்பி பள்ளியில் படிப்பதையும் அவர் தமிழில், அழகாகவே, எழுதியிருந்தார். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தியதும் மறுபடியும் மறுப்பு வந்தது. இம்முறை பக்கத்தின் தோற்றம் வேறு: நடுவில் பெரிய எழுத்தில் 403 என்ற எண், அதன் கீழே கோடு போட்டு என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் பெயர். முன்பு பேசியது வெளி வாசல் காவலர். இப்போது பேசுவது உள்ளே இருக்கும் வேறொருவர் என்பதை அந்தத் தோற்ற மாற்றமே காட்டியது.

இத்தகைய நேரத்தில் நான் மாணவர்களுக்குச் சொல்லித்தந்த முறை ஒன்றுதான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். உலாவியை மாற்றினோம், பயனில்லை. இணைத்திருந்த சான்றிதழ் படத்தை நீக்கிப் பார்த்தோம், அதிலும் பயனில்லை. அந்தத் தமிழ்ப் பத்தியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அனுப்பியபோது, ‘இக்கட்டத்தை நிரப்பவும்’ என்ற சாதாரண எச்சரிக்கை வந்தது. அதாவது மறுப்பு நீங்கி, கோரிக்கை உள்ளே போய்விட்டது. ‘வணக்கம்’ என்று ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை இட்டு அனுப்பினோம், மீண்டும் 403. கடைசியில் தம் தாயின் உழைப்பைத் தட்டுத்தடுமாறி நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதி அவர் அனுப்பியபோது இரவு பதினொன்று நாற்பது.

தமிழில் எழுதியதற்காக ஒரு விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும் என்பதை நம்புவது கடினம் என்பதால், இது எப்படி நேர்கிறது என்று சற்று விளக்க வேண்டியிருக்கிறது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்துச் சொல். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு முறையில் அது ஐந்து குறியீடுகள். மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. அவற்றைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் (கணினி நினைவின் சிறு அலகுகள்) என 15 பைட்டுகள். இணைய முகவரியிலோ படிவத்திலோ அனுப்பப்படும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியோடு (%) இரண்டு எழுத்துக்குறிகளாக விரிவதால், மூன்றெழுத்துச் சொல் 45 குறிகள் கொண்ட நீண்ட சரமாகிவிடுகிறது. தாக்குதல்காரர்களும் தங்கள் தீய நிரலை மறைத்து அனுப்ப இதே விழுக்காட்டுக் குறிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

இத்தகைய தாக்குதல்களைத் தடுக்க 2002-இல் தோன்றிய மாட்செக்யூரிட்டி போன்ற காவல் மென்பொருள்களும், அவற்றுக்காக இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் விதித் தொகுப்பும் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கின்றன. அந்தத் தொகுப்பில் கடுமையின் அளவு நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. இயல்பாக இயங்கும் முதல் நிலையில் தமிழுக்குத் தடை இல்லை. ‘பாதுகாப்பு கூடட்டுமே’ என்று மூன்றாம் நிலைக்கு உயர்த்தினால், ஆங்கில விசைப்பலகையில் அச்சிடத்தக்க எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட எதையும் ஐயத்துக்குரியதாகக் கருதும் விதி ஒன்று விழித்துக்கொள்கிறது. அவ்விதியை எழுதியவர்கள் தமிழுக்குப் பகைவர்கள் அல்லர். உயர்நிலைகளில் தவறான மறுப்புகள் மிகும், தளத்துக்கேற்ப விலக்குகளை எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவர்களே தெளிவாக எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கையைப் படிக்காமல் நிலையை உயர்த்தி, தமிழில் ஒரு வரிகூடத் தட்டச்சு செய்து சோதிக்காமல் தமிழ்நாட்டு மாணவர்களுக்கான படிவத்தைத் திறந்துவைப்பவர்களிடம்தான் என் வருத்தம்.

மறுப்பு எண்களின் பொருளையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வலையை உருவாக்கியபோது, 1992-ஆம் ஆண்டு வரைவிலேயே 403 என்ற எண் இடம்பெற்றுவிட்டது. 401 என்றால் நீங்கள் யார் என்பதை இன்னும் நிறுவவில்லை என்று பொருள்; பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்தால் வழி பிறக்கலாம். 403 என்றால் கோரிக்கை புரிந்தது, ஆயினும் நிறைவேற்ற மறுக்கிறோம் என்று பொருள். 404 அங்கே அப்படி ஒரு பக்கமே இல்லை என்கிறது. 429 அளவுக்கு மீறி அடிக்கடி கேட்கிறீர்கள், சற்றுப் பொறுங்கள் என்கிறது. 2022 ஜூன் மாதம் வெளியான இப்போதைய தர ஆவணம், 403 வந்தபின் அதே அடையாளச் சான்றுகளோடு அதே கோரிக்கையைத் தானாகத் திரும்ப அனுப்பக் கூடாது என்கிறது. மறுப்பின் காரணத்தை வெளிப்படுத்த விரும்பும் சர்வர் அதைப் பக்கத்திலேயே விவரிக்கலாம் என்றும் சொல்கிறது. அந்த ‘விவரிக்கலாம்’ என்ற இடத்தைத்தான் பெரும்பாலான தளங்கள் வெறுமையாக விட்டுவிடுகின்றன.

சர்வரைப் பராமரிக்கும் பக்கம் நின்ற எனக்கும் இதே பாடம் கிடைத்தது. எங்கள் கல்லூரியில் மாணவர் ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு கணக்கும், அதற்குள் தம் வலைப்பக்கத்தை வைக்க ஒரு கோப்புறையும் தருவது வழக்கம். சர்வரின் இயங்குதளமான உபுண்டு லினக்ஸின் 22.04 பதிப்புக்கு மாறிய ஆண்டில், இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களின் பக்கங்கள் எல்லாம் திறந்தன. புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்களின் பக்கங்கள் மட்டும் ஒன்று விடாமல் 403 என்றன. இளைய சக ஊழியர் ஒருவர் அவசரத்தில் எல்லாருடைய வலைக் கோப்புறைகளுக்கும் 777 என்ற அனுமதியைக் கொடுத்துவிட்டார், அதாவது எவரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். அப்படித் திறந்துவிட்ட பிறகும் பக்கங்கள் வரவில்லை. ‘முழுவதும் திறந்துவிட்டேன் சார், இன்னும் அனுமதி இல்லை என்கிறது’ என்று அவர் கலங்கி நின்றது நினைவிருக்கிறது.

விடை சர்வரின் பிழைப் பதிவேட்டில் ஒரே வரியில் இருந்தது. பாதையின் ஏதோ ஒரு பகுதியில் ‘தேடும் அனுமதி’ இல்லை என்று அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் எழுதி வைத்திருந்தது. லினக்ஸில் ஒரு கோப்பைப் படிக்க அந்தக் கோப்பின் அனுமதி மட்டும் போதாது. மேலிருந்து கீழாக அதற்குச் செல்லும் ஒவ்வொரு கோப்புறையிலும் நுழைந்து செல்லும் உரிமை வேண்டும். கடைசி அறையின் கதவைக் கழற்றி எறிந்தாலும் நடையின் கதவு பூட்டியிருந்தால் என்ன பயன்? உபுண்டு நிறுவனத்தார் 21.04 பதிப்பிலிருந்து புதிய பயனர்களின் வீட்டுக் கோப்புறைகளை (ஒவ்வொரு கணக்குக்கும் உரிய முதன்மைக் கோப்புறை), பிறரும் நுழையக்கூடிய 755-க்குப் பதிலாக, பிறருக்கு எந்த உரிமையும் தராத 750 என்ற அனுமதியோடு உருவாக்கத் தொடங்கியிருந்தனர். பிறர் கண்ணில் படாமல் காக்கும் நல்ல மாற்றம்தான் அது. பழைய மாணவர்களின் கோப்புறைகள் பழைய அனுமதியோடே தொடர்ந்தன, புதியவர்களுடையவை மட்டும் மூடிக்கொண்டன. வீட்டுக் கோப்புறைக்கு, உள்ளே உள்ளவற்றைப் பட்டியலிடாமல் கடந்து மட்டும் செல்லும் உரிமையைத் தரும் 711 அனுமதியை வைத்ததும் எல்லாப் பக்கங்களும் வந்தன. அதன் பிறகு 777 என்று திறந்துவிட்டவற்றைத் தேடித் தேடி, உரியவர் மட்டுமே எழுதவும் மற்றவர்கள் படிக்கவும் இடம் தரும்படி கோப்புறைகளை 755-க்கும் கோப்புகளை 644-க்கும் திருப்பிவைப்பதில் எங்களுக்கு இரண்டு நாட்கள் போயின. அந்த இடைவெளியில் சர்வரில் கணக்கு வைத்திருந்த எவரும் மற்றவருடைய பக்கத்தில் எதையும் எழுதியிருக்க முடியும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் திகிலாகத்தான் இருக்கிறது.

பாதையின் ஒவ்வொரு படியிலும் யாருக்கு என்ன உரிமை என்பதை வரிசையாகக் காட்டும் ‘நேம்ஐ’ என்ற சிறு கட்டளை லினக்ஸில் இருக்கிறது. அதை அறிந்தவர்கள் என் அனுபவத்தில் மிகச் சிலரே. 777 கட்டளையோ எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அனுமதி எண்கள் சரியாக இருந்தும் மறுப்பு வரும் வேறு சந்தர்ப்பங்களும் உண்டு. ரெட் ஹாட் என்ற லினக்ஸ் வகையின் வழிவந்த சர்வர்களில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் காவல் இயங்குகிறது; வீட்டுக் கோப்புறையில் உருவாக்கிய கோப்பை வலைக் கோப்புறைக்கு நகர்த்தினால், அது தன் பழைய முத்திரையைச் சுமந்துகொண்டே வந்து மறுக்கப்படும். முத்திரையைத் திருத்த ‘ரீஸ்டோர்கான்’ என்ற ஒரே கட்டளை போதுமானதாக இருக்க, காவலையே அணைத்துவிடுமாறு அறிவுரை சொல்பவர்கள் ஏராளம். 2012-இல் வந்த அப்பாச்சி 2.4, அனுமதிக் கட்டளைகளின் எழுத்துமுறையையே மாற்றியதால், பழைய அமைப்புக் கோப்புகளை அப்படியே புதிய சர்வருக்குக் கொண்டுசென்றவர்களும் இதே சுவரில் முட்டினார்கள். முகப்புக் கோப்பின் பெயரை ஓர் எழுத்து பிழையாக வைத்தாலும், கோப்புறையின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட அனுமதி இல்லை என்று 403 வரும். கோப்பு இல்லை என்று சொல்லாது. அமேசானின் எஸ்3 என்ற இணையவழிச் சேமிப்பிலும் பட்டியலிடும் உரிமை இல்லாதவர் இல்லாத கோப்பொன்றைக் கேட்டால் 404-க்குப் பதில் 403 தான் கிடைக்கும். எது இருக்கிறது, எது இல்லை என்பதுகூட அந்நியருக்குத் தெரியக் கூடாது என்பது அதன் நோக்கம். இவற்றில் பெரும்பாலானவற்றில் மென்பொருள் தன் பதிவேட்டில் காரணத்தை எழுதிவைக்கிறது. ஆனால் திரையில் எழுதுவதில்லை. ஆகவே அந்தக் காரணத்தைப் பார்க்க முடிந்தவர் தளத்தை நடத்துபவர் ஒருவர்தான். பயனர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஊகிக்கத்தான் முடியும்.

காரணத்தைச் சொன்னால் தாக்குதல்காரர்களுக்கு வழி காட்டியதாகிவிடாதா என்று நிர்வாகிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. எந்த விதி தடுத்தது என்பதைத் திரையில் அச்சிட வேண்டியதில்லை. ‘எங்கள் பாதுகாப்பு மென்பொருள் இக்கோரிக்கையைத் தடுத்துள்ளது, இது உங்கள் தகுதியைப் பற்றிய முடிவு அன்று, இந்த எண்ணைக் குறிப்பிட்டு இந்தத் தொலைபேசியில் அழையுங்கள்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மூன்று வரி எழுதினால் எந்தத் தாக்குதல்காரருக்கும் எந்தப் பயனும் இல்லை, நள்ளிரவுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டிய ஒரு மாணவிக்கோ அது பெரும் உதவி. 2018 மே 25-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் உள்ளிட்ட சில அமெரிக்க நாளேடுகள் ஐரோப்பிய வாசகர்களைத் தடுத்தன. அந்தத் தடையை நான் ஏற்கவில்லை. ஆயினும் ஐரோப்பிய நாடுகளில் இத்தளம் இப்போது கிடைக்காது என்று அவை வெளிப்படையாக எழுதின. வாசகர் தம் கணினியைப் பழிக்க வேண்டிய நிலை எழவில்லை. சட்டக் காரணத்தால் தடுக்கப்படும் பக்கங்களுக்கென 2016-இல் 451 என்ற தனி எண்ணே வகுக்கப்பட்டு, யாருடைய கோரிக்கையால் தடை என்பதைத் தெரிவிக்குமாறு அதன் ஆவணம் பரிந்துரைக்கிறது. மறுப்பவர் விளக்கம் தர வேண்டும் என்ற எண்ணம் இணையத்துக்குப் புதிதல்ல.

மறுப்பைக் காணும் வாசகர்கள் செய்யக்கூடியவை சிலவே. முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கலாம். இணைப்பை வேறிடம் வழியாகத் திருப்பும் விபிஎன் இருந்தால் நிறுத்தலாம். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பார்க்கலாம். மொபைல் டேட்டாவிலிருந்து வேறு இணைப்புக்கு மாறலாம். கைப்பேசியின் தேதியும் நேரமும் சரியா என்று பார்க்கலாம், ஏனெனில் சில சேவைகள் கடிகாரம் கால் மணி நேரம் பிசகினாலே மறுத்துவிடும். பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது தடையை நீட்டிக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் உள்ள நீண்ட எண்ணை வீண் என்று நினைத்துவிடாமல், நேரமும் முகவரியும் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண் நமக்குப் புரியாது. தளத்தை நடத்துபவர் அதைக் கொண்டு லட்சக்கணக்கான பதிவுகளுக்கிடையே நம் ஒரு கோரிக்கையைக் கண்டெடுக்க முடியும். உதவி எண் வேண்டுமானால் அந்நிறுவனத்தின் அறிவிப்பிலிருந்தே எடுக்க வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்ணை அழைத்து, ‘அனுமதி பெற்றுத் தருகிறேன்’ என்பவரிடம் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் ஒப்படைத்துப் பணத்தை இழந்த குடும்பம் ஒன்றை நான் நேரில் அறிவேன்.

விண்ணப்பத் தளங்களை நடத்தும் நிறுவனங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். படிவத்தைத் திறக்கும் முன், பெயர், முகவரி, விளக்கம் ஆகிய எல்லாக் கட்டங்களிலும் தமிழில் எழுதி, பிராட்பேண்டிலிருந்தும் கைப்பேசி இணைப்பிலிருந்தும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். புதிய காவல் விதியைப் போட்ட முதல் சில நாட்களுக்குத் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் முறையில் அதை இயக்குங்கள். கடைசி நாளன்று மாலையில் பதிவேட்டில் 403 எத்தனை என்று ஒருவர் எண்ணிப் பார்க்கட்டும். வழக்கத்தைவிட அது பெருகியிருந்தால், கடைசி நாளைத் தள்ளிவைக்க வேண்டிய கடமை தளத்தாருடையது. தங்கள் நாளிதழும் கடைசி நாள் செய்தியோடு, தளம் திறக்காவிட்டால் அழைக்க வேண்டிய எண்ணையும் கேட்டுப் பெற்று வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாணவியின் கைப்பேசித் திரையைப் பிடித்த இரண்டு படங்களையும், மறுப்பு வந்த நேரங்களையும், அவர் முதலில் தமிழில் எழுதியிருந்த பத்தியையும் அவருடைய ஒப்புதலோடு அந்த அறக்கட்டளைக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அவர் எழுதிய தமிழ்ப் பத்தியையே விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளுமாறும் கேட்டிருக்கிறேன். மூன்று வாரமாகிறது, பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணினி ஆய்வகப் பணியாளர்,
திருநெல்வேலி.